பிரான்சில் சர்வதேச வணிகம்: ஒரே படிப்பு, இரண்டு கணக்கு

சென்ற மாதம் எமது சிறுசேமிப்புக் குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழும்பும் நேரம். பின்வரிசையில் இருந்த சகோதரி ஒருவர் மட்டும் போகாமல் நின்றார். கைப்பையிலிருந்து நான்காக மடித்த பளபளப்பான தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார்.

"அக்கா, இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. மகளுக்கு ஏ.எல். வர்த்தகப் பிரிவிலை நல்ல றிசல்ட். பிரான்சிலை சர்வதேச வணிகம் படிக்கலாமாம். நாலு வருசம். முதலாம் வருசக் காசை முன்கூட்டிக் கட்டினால் இடம் நிச்சயம் எண்டு ஏஜென்சிக்காரர் சொல்லுறார். தம்பி பாரிசிலைதான் இருக்கிறான். அவன்ரை மகளும் உந்தப் படிப்புத்தான் படிக்கிறாள். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. காணி உறுதியை வைச்சால் காசு எடுக்கலாம்."

2009இல் கணவரை இழந்தவர் இவர். அப்போது மகளுக்கு மூன்று வயது. தையல் மெஷினையும் பத்துக் கோழிகளையும் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையை உயர்தரம் வரை கொண்டுவந்திருக்கிறார். அந்தக் காணியைத் தவிர அவரிடம் வேறு சொத்து இல்லை.

அந்தத் தாளில் இருந்ததை மட்டும் நம்பிப் பதில் சொல்ல எமக்கு மனம் வரவில்லை. பாரிசில் இருக்கும் தம்பியின் மகளோடு தொலைபேசியில் நீண்ட நேரம் கதைத்தோம். பிரெஞ்சு அரசின் உயர்கல்வி விதிகளையும் தேடிப் படித்தோம். இதே போன்ற தாள் நாளை உங்கள் வீட்டுப் படலையையும் தட்டலாம். ஆகவே அறிந்ததை எல்லோருக்குமாக எழுதுகிறோம்.

போர் இடம்பெயர்த்த கல்லூரிகள்

வணிகத்தை ஒரு படிப்பாக முதலில் ஒழுங்கமைத்த நாடுகளில் பிரான்சும் ஒன்று. பாரிசில் 1819இல் தொடங்கிய ஈ.எஸ்.சி.பி. கல்லூரியை உலகின் மிகப் பழைய வணிகக் கல்லூரி என்று சொல்வார்கள்.

அதற்குப் பின் வந்த கல்லூரிகள் சிலவற்றின் கதை எமக்கு அந்நியமானதல்ல. அல்சாஸ் பகுதியில் உள்ள மூலூஸ் நகரில் 1866இல் ஒரு வணிகக் கல்லூரி தொடங்கப்பட்டது. நான்கே ஆண்டில் பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் போர் மூண்டது. பிரான்ஸ் தோற்றது, அல்சாஸ் ஜேர்மனியின் கைக்குப் போனது, கல்லூரி மூடப்பட்டது. அதை நடத்தியவர்கள் ஓய்ந்திருக்கவில்லை. துறைமுக நகரான லு ஹாவ்ரில் 1871இலும், பட்டு வியாபாரத்துக்குப் பெயர்போன லியோனில் 1872இலும் வணிகக் கல்லூரிகள் எழுந்தபோது அவற்றுக்குப் பின்னால் மூலூஸிலிருந்து வந்தவர்களின் கைகளும் இருந்தன. ஊரை இழந்தவர்கள் கொண்டுபோனது தாம் கற்றுக்கொடுத்த தொழிலைத்தான்.

பெண்களுக்கு எப்போது கதவு திறந்தது?

இந்தக் கல்லூரிகள் நீண்ட காலம் ஆண்களுக்கே உரியவையாக இருந்தன. அந்த நிலையில் முதல் மாற்றம் வந்ததும் ஒரு போர்க்காலத்தில்தான். முதலாம் உலகப் போரில் பிரான்ஸ் சுமார் 14 இலட்சம் படையினரை இழந்தது. சுமார் 6 இலட்சம் பெண்கள் விதவைகளானார்கள். ஆண்கள் போர்முனையில் நிற்க, அலுவலகங்களையும் கடைகளையும் தொழிற்சாலைகளையும் பெண்கள் பொறுப்பெடுத்தார்கள். 1916இல் லூலி சனுவா என்ற பெண்மணி, இளம் பெண்களுக்கென உயர் வணிகக் கல்லூரி ஒன்றைப் பாரிசில் தொடங்கினார். தட்டச்சோடும் சுருக்கெழுத்தோடும் நிற்காமல், நிர்வாகப் பொறுப்புகளுக்கும் பெண்கள் தகுதி பெற வேண்டும் என்பதே அவரது நோக்கம்.

ஆண்களுக்கான எச்.ஈ.சி. கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1973இல்தான். அதன்பின் பெண்களுக்கான தனிக் கல்லூரிக்குத் தேவை இல்லாமல் போய் அது மூடப்பட்டது.

இதைப் படிக்கும்போது பிரான்ஸ் ஏதோ பெண்களின் சொர்க்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அங்கே திருமணமான பெண் கணவனின் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும், தன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் சட்டம் முழுமையாக இடம் கொடுத்தது 1965ஆம் ஆண்டில். வாக்குரிமை கிடைத்தது 1944இல். இலங்கைப் பெண்களாகிய நாம் 1931இலேயே வாக்களித்தவர்கள். இன்று பிரெஞ்சு வணிகக் கல்லூரி வகுப்புகளில் ஏறத்தாழ அரைவாசிப்பேர் பெண்கள். அது தானாக வந்ததல்ல.

என்னதான் படிக்கிறார்கள்?

பிரான்சில் வணிகக் கல்லூரிக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. பழைய வழியில், உயர்தரத்துக்குச் சமமான பரீட்சை முடித்த பிள்ளை இரண்டு வருடம் ஆயத்த வகுப்பில் கடுமையாகப் படித்து, போட்டிப் பரீட்சை எழுதி, பிறகு மூன்று வருடம் கல்லூரியில் படிக்க வேண்டும். முடிவில் கிடைப்பது முதுமாணி நிலைப் பட்டம். மற்றது, உயர்தரம் முடிந்த கையோடு நேரே சேரும் மூன்று அல்லது நான்கு வருட இளநிலைப் படிப்பு. சர்வதேச வணிகம் என்று எமது பிள்ளைகளுக்குக் காட்டப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. பல கல்லூரிகளில் இதை ஆங்கிலத்திலேயே படிக்கலாம்.

பாடங்கள் எமது வர்த்தகப் பிரிவு மாணவிக்குப் புதியவை அல்ல. கணக்கியல், பொருளியல், சந்தைப்படுத்தல், வணிகச் சட்டம், புள்ளிவிபரவியல். அவற்றோடு இரண்டு வெளிநாட்டு மொழிகள். இவை எல்லாவற்றையும் ஒரு பொருள் எல்லை கடந்து போகும் பயணத்தோடு சேர்த்துப் படிப்பதுதான் வித்தியாசம்.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து லு ஹாவ்ருக்குப் போகும் ஒரு கொள்கலன் தேயிலையை எடுத்துக்கொள்வோம். கப்பல் கூலி யார் கட்டுவது? நடுக்கடலில் சேதமானால் நட்டம் யாருக்கு? இதற்குச் சர்வதேச வர்த்தக சம்மேளனம் வகுத்த பொது விதிகள் உண்டு. சம்மேளனத்தின் தலைமையகம் பாரிசிலேயே இருக்கிறது. இன்கோடேர்ம்ஸ் எனப்படும் அந்த விதிகள் 1936இல் முதலில் வெளிவந்தன. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 விதிகள் உள்ளன. எஃப்.ஓ.பி. கொழும்பு என்று எழுதினால், கப்பலில் ஏற்றும் வரைதான் விற்பவர் பொறுப்பு. சி.ஐ.எஃப். லு ஹாவ்ர் என்று எழுதினால், அந்தத் துறைமுகம் வரையான கப்பல் கூலியையும் காப்புறுதியையும் விற்பவரே கட்ட வேண்டும். மூன்று எழுத்து மாறினால் இலாபம் நட்டமாகிவிடும். முகம் தெரியாத இருவர் வங்கிகளை நடுவில் வைத்து எப்படி நாணயக் கடிதம் மூலம் பணம் மாற்றிக்கொள்கிறார்கள், யூரோவின் பெறுமதி இடையில் ஏறி இறங்கினால் என்ன செய்வது என்பவையும் இதில் அடங்கும்.

நடந்த சம்பவங்களை வைத்து விவாதிப்பதும் உண்டு. பிரான்சின் மிகப் பெரிய கடைத்தொடர்களில் ஒன்றான கார்ஃபூர் 2000ஆம் ஆண்டு யப்பானில் பிரமாண்டமான கடைகளைத் திறந்தது. 2005இல் அவற்றை விற்றுவிட்டு வெளியேறியது. யப்பானில் வீடுகள் சிறியவை. அங்குள்ள பெண்கள் மீனும் மரக்கறியும் அன்றன்று கொஞ்சமாக, புதிதாக வாங்கும் பழக்கமுள்ளவர்கள். வண்டி நிறைய வாங்கிக் குவிக்க அவர்களுக்கு இடமும் இல்லை, விருப்பமும் இல்லை. ஒரு குடும்பப் பெண்ணின் சமையலறையை விளங்கிக்கொள்ளாத வியாபாரம் எவ்வளவு பணம் போட்டாலும் நிலைக்காது என்பது இதில் கிடைக்கும் பாடம்.

எம்மோடு நேரடியாகத் தொடர்புள்ள விடயமும் இந்தப் படிப்பில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை இலங்கை 2010இல் இழந்து 2017இல் மீளப் பெற்றது. வடக்கிலும் கிழக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் எமது பெண்பிள்ளைகளின் வேலையைத் தொடும் விடயம் அது. ஒரு நாட்டுக்கு எந்த நிபந்தனையில் சலுகை கிடைக்கிறது, ஏன் பறிபோகிறது என்பது சர்வதேச வணிகத்தின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று.

வகுப்பறையும் வேலைத்தளமும்

தம்பியின் மகள் இப்போது மூன்றாம் வருடம். "முதல் வருசம் சரியாக் கஷ்டப்பட்டனான் அன்ரி" என்றாள். "எங்களுக்கு எழுதத் தெரியும், எழும்பி நிண்டு கதைக்கத் தெரியாது. இஞ்சை ஐஞ்சு பேரைச் சேத்து ஒரு வேலை தருவினம். எல்லாரும் முன்னுக்குப் போய் விளங்கப்படுத்த வேணும். கதைக்காட்டில் புள்ளி இல்லை."

புள்ளிகள் 20க்கு இடப்படுகின்றன. 10 எடுத்தால் சித்தி. 14 எடுத்தால் நல்ல பெறுபேறு. 20க்கு 20 கிடைப்பது அபூர்வம். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிப் பழகிய பிள்ளை முதல் தடவை 12 எடுத்தால் அழுதுவிடும், இவளும் அழுதாளாம்.

பெரும்பாலும் ஒவ்வொரு வருடமும் பயிற்சிக்குப் போக வேண்டும். முதலாவது பயிற்சியில் மேசை, கதிரை கிடைக்காது. கடைத் தட்டுகளில் சாமான் அடுக்குவதும் களஞ்சியத்தில் பெட்டி எண்ணுவதும்தான் வேலை. கீழிருந்து வியாபாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பிறகு ஓர் அரையாண்டோ ஒரு வருடமோ வேறு நாட்டில் படிக்க வேண்டும். இவள் ஸ்பெயினுக்குப் போய் வந்தாள். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்கு ஒரு சிறு தொகையாவது கொடுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

படிப்பு ஆங்கிலத்தில் இருந்தாலும், பயிற்சி இடம் தேடவும் வீட்டு உரிமையாளரோடு கதைக்கவும் பிரெஞ்சு மொழி இல்லாமல் முடியாது. "இங்கிலிஷ் போதும் எண்டு சொல்லுறதை நம்பாதேங்கோ" என்று அவள் இரண்டு தரம் சொன்னாள்.

ஒரே படிப்பு, இரண்டு கணக்கு

இனிக் காசுக் கதைக்கு வருவோம். பிரான்சில் அரச பல்கலைக்கழகக் கட்டணம் குறைவு. வணிகக் கல்லூரிகள் அப்படியல்ல. இளநிலைப் படிப்புக்குப் பல கல்லூரிகளில் வருடத்துக்கு 10,000 முதல் 15,000 யூரோ வரை கேட்கிறார்கள். பெயர்பெற்றவற்றில் அதற்கும் மேல்.

பாரிஸ் மகளின் கணக்கு இது. அவளது தகப்பன் உணவகச் சமையலறையில் வேலை செய்பவர். குடும்பம் பல வருடமாக அங்கே வாழ்ந்து வரி கட்டுவதாலும், வருமானம் குறைவு என்பதாலும் அரச உதவித்தொகை கிடைத்தது. பெற்றோரின் வீட்டிலேயே இருப்பதால் வாடகை இல்லை. இந்த வருடம் அவள் ஒரு நிறுவனத்தில் தொழிற்பயிலுனராகச் சேர்ந்து, சில நாள் வேலையும் சில நாள் படிப்புமாக இருக்கிறாள். சட்டப்படி பயிலுனரிடம் கல்லூரிக் கட்டணம் அறவிட முடியாது. அதோடு சம்பளமும் கிடைக்கிறது.

இங்கிருந்து போகும் மச்சாளின் கணக்கு வேறு. கட்டணம் வருடத்துக்கு 12,000 யூரோ என்று வைப்போம். மாணவர் வீசாவுக்கு மாதம் 615 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். அது வருடத்துக்கு 7,380. இரண்டும் சேர்ந்து 19,380 யூரோ. ஒரு யூரோவை 300 ரூபா என்று குறைத்துக் கணக்கிட்டாலும் வருடத்துக்கு 58 இலட்சம் ரூபா. நான்கு வருடத்துக்கு 2 கோடியே 32 இலட்சம். பாரிசில் தனி அறை எடுத்தால் 615 யூரோ போதாது.

"வேலை செய்து கட்டலாம்" என்று முகவர்கள் சொல்வது வழக்கம். வெளிநாட்டு மாணவர் வருடத்துக்கு 964 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். அதாவது வாரத்துக்குச் சராசரியாக 18 மணித்தியாலம். அவ்வளவு நேரமும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வேலை செய்தால் கைக்கு வருவது சுமார் 9,000 யூரோ. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது சரியாகிவிடும். கல்லூரிக் கட்டணத்துக்கு எங்கே போவது? பயிலுனர் வழிகூட வெளிநாட்டு மாணவருக்குப் பொதுவாகப் பிரான்சில் ஒரு வருடம் படித்து முடித்த பின்னரே திறக்கும்.

காணி உறுதியை வைத்து முதலாம் வருடக் காசைக் கட்டலாம். இரண்டாம் வருடம் கட்ட வழியில்லாமல் பிள்ளை வகுப்புக்குப் போகாவிட்டால், படிப்பு முன்னேறவில்லை என்று வதிவிட அனுமதியும் புதுப்பிக்கப்படாமல் போகலாம். காணியும் போய், படிப்பும் போய், பிள்ளை அந்நிய நாட்டில் ஒளித்துத் திரியும் நிலைதான் மிஞ்சும்.

முத்திரையைப் பாருங்கள்

பிரான்சில் 'லிசன்ஸ்', 'மாஸ்டர்' என்ற பட்டப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 'பச்சலர்' என்ற சொல்லுக்கு அப்படி இல்லை. இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து நடத்தும் தனியார் நிறுவனமும் அந்தச் சொல்லைப் போட்டு விளம்பரம் செய்யலாம். ஆகவே கல்லூரியின் கட்டடப் படத்தையும் சிரித்த முகங்களையும் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தப் படிப்பின் சான்றிதழை அரசு அங்கீகரித்திருக்கிறதா என்று பாருங்கள். அந்த அரச அங்கீகாரத்தையும் பிரெஞ்சு மொழியில் 'வீசா' என்றே சொல்வார்கள். பயண வீசாவோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்கு மேலாக 'கிராட் து லிசன்ஸ்' என்ற தகுதியும் சில படிப்புகளுக்கு வழங்கப்படுகிறது. இவை எந்தெந்தக் கல்லூரியின் எந்தப் படிப்புக்கு உண்டு என்ற பட்டியலைப் பிரெஞ்சு உயர்கல்வி அமைச்சு பகிரங்கமாக வெளியிடுகிறது. கல்லூரிக்கு நல்ல பெயர் இருப்பது போதாது, சேரப்போகும் படிப்பே பட்டியலில் இருக்க வேண்டும்.

இன்னொரு விடயத்தையும் முகவர்கள் சொல்வதில்லை. படித்து முடித்தபின் வேலை தேடுவதற்கென வழங்கப்படும் வதிவிட அனுமதி, பொதுவாக முதுமாணி நிலைப் பட்டம் பெற்றவர்களுக்கே உரியது. வெறும் பச்சலர் சான்றிதழை வைத்து அங்கேயே தங்கிவிடலாம் என்பது நிச்சயமில்லை.

செலவு குறைந்த வாசல்கள்

சர்வதேச வணிகம் படிக்க வணிகக் கல்லூரி ஒன்றுதான் வழி என்பதும் சரியல்ல. அரச பல்கலைக்கழகங்களில் இரண்டு வெளிநாட்டு மொழிகளோடு வணிகமும் சட்டமும் சேர்த்துக் கற்பிக்கும் பட்டப் படிப்பு உண்டு. முகாமைத்துவத்துக்கென்றே பல்கலைக்கழகங்களுக்குள் 1955 முதல் தனி நிறுவனங்கள் இயங்குகின்றன. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவருக்கு இளமாணிக் கட்டணம் 2019இல் 2,770 யூரோ என்று உயர்த்தப்பட்டு, பின்னர் சிறிது சிறிதாகக் கூடிவருகிறது. அப்படியிருந்தும் வணிகக் கல்லூரிக் கட்டணத்தில் அது ஒரு பங்குதான். அகதி அந்தஸ்துப் பெற்றவர்களுக்கு இந்த உயர்ந்த கட்டணம் பொருந்தாது. ஆனால் இளமாணிப் படிப்புகள் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியிலேயே நடப்பதால், அந்த மொழியில் 'பி 2' எனப்படும் தரத்தை முதலில் அடைய வேண்டும்.

இங்கே இளமாணி முடித்துவிட்டு முதுமாணிக்குப் போவது மற்றொரு வழி. பிரெஞ்சு வெளிவிவகார அமைச்சின் ஈஃபெல் புலமைப்பரிசில் முதுமாணிக்கும் கலாநிதிப் படிப்புக்குமே உரியது, இளமாணிக்கு இல்லை. இரண்டு வருடச் செலவு நான்கு வருடச் செலவைவிடக் குறைவு. போகும் பிள்ளைக்கும் வயதும் அனுபவமும் கூடியிருக்கும்.

காசு கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. இந்தக் கல்லூரியின் இந்தப் படிப்பு பிரெஞ்சு உயர்கல்வி அமைச்சின் பட்டியலில் இருக்கிறதா?

2. முதலாம் வருடம் மட்டுமல்ல, எல்லா வருடங்களுக்கும் சேர்த்துக் கட்டணம் எவ்வளவு? எழுத்தில் தருவார்களா?

3. வீசா மறுக்கப்பட்டால் கட்டிய காசில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பி வரும்?

4. காசு கல்லூரியின் வங்கிக் கணக்குக்கு நேரே போகிறதா, முகவரின் கைக்குப் போகிறதா?

5. வெளிநாட்டில் படிக்கும் அரையாண்டின் பயணச் செலவும் தங்குமிடச் செலவும் யாருடையது?

6. முகவரைத் தவிர வேறு யாரிடம் விசாரித்தோம்? பிரெஞ்சு அரசின் கல்வி ஆலோசனை நிறுவனமான காம்பஸ் பிரான்ஸிடம் கேட்டோமா?

இந்த ஆறுக்கும் விடை கிடைக்கும் வரை காணி உறுதியையோ நகையையோ யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

அந்தச் சகோதரியும் இந்தக் கேள்விகளை முகவரிடம் கேட்டார். இரண்டாவது கேள்விக்கே அவர் கோபப்பட்டு, இடம் நிரம்பப் போகிறது, உடனே முடிவு சொல்லுங்கள் என்றாராம். பாரிஸ் மகள் அமைச்சின் பட்டியலைப் பார்த்துவிட்டு, அந்தத் தாளில் இருந்த பெயர் அதில் இல்லை என்று அறிவித்தாள். மகளுக்கு அழுகை வந்தது. இரண்டு நாள் தாயோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் மச்சாளே தொலைபேசி எடுத்துக் கணக்கை வரிவரியாகச் சொல்லி விளங்கப்படுத்தினாள்.

இப்போது அந்தப் பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்க விண்ணப்பித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சாளிடம் தொலைபேசியில் பிரெஞ்சு பழகுகிறாள். முதுமாணிக்குப் போகும் எண்ணத்தை அவள் விடவில்லை, விடவும் தேவையில்லை.

கடந்த கூட்டத்துக்கு வந்த தாய் சொன்னார்: "பிள்ளையின்ரை ஆசையை நான் தடுத்துப்போட்டன் எண்டு முதல்லை மனம் கிடந்து அடிச்சுது அக்கா. இப்ப அப்பிடி இல்லை. அவள் போவாள். ஆனால் என்ன படிப்பு, எவ்வளவு காசு, எப்ப முடியும் எண்டு தெரிஞ்சுகொண்டு போவாள்."

காணி உறுதி இன்னும் அவருடைய றங்குப்பெட்டிக்குள்தான் இருக்கிறது.